ஆசைதான், ஆனால்: 'ஃபெயின்' என்ற பழஞ்சொல்லும் அதன் உறவுகளும்

ஆங்கிலத்தில் 'ஃபெயின்' என்றொரு சொல் உண்டு. பேச்சிலிருந்து அது போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. அகராதியைப் புரட்டினால் 'பழவழக்கு' என்ற குறிப்போடு, மனமுவந்து, மகிழ்ச்சியோடு, விருப்பத்துடன் என்று பொருள் முடிந்துவிடும். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலோ ஷேக்ஸ்பியரிலோ தோரோவின் 'வால்டன்' நூலிலோ இந்தச் சொல்லைச் சந்திக்கும் தமிழ் வாசகர் அந்த மூன்றில் ஒன்றைப் பொருத்திக்கொண்டு மேலே போவார். வாக்கியம் புரியும். ஆனால் பேசுகிறவரின் நெஞ்சில் என்ன இருந்தது என்பது நழுவிவிடும். 'ஃபெயின்' வரும் இடங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், விரும்பியது நடந்துவிட்ட இடங்கள் மிகக் குறைவு என்பது தெரியும்.

ஒருபொருட் பன்மொழி என்று நாம் அடுக்கும் சொற்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. ஃபெயின், லீஃப், லிஸ்ட், கிளாட்லி, வில்லிங், அலாக்ரிட்டி ஆகிய எல்லாவற்றையும் 'மனமிசைவு' என்ற ஒரே தலைப்பின் கீழ் சொற்களஞ்சியங்கள் சேர்க்கின்றன. ஒவ்வொன்றும் மனம் இசைகிற வெவ்வேறு நிலைமையைச் சொல்ல வந்தது. அவற்றில் சில மறைந்தபோது ஆங்கிலம் அலங்காரத்தை மட்டும் இழக்கவில்லை, அந்த நிலைமைகளைப் பிரித்துச் சொல்லும் வசதியையும் இழந்தது என்பதுதான் என் முடிவு.

முதலில் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் இது விருப்பத்தின் சொல்லே அல்ல, மகிழ்ச்சியின் சொல். 'பேயோவுல்ஃப்' காப்பியத்தில் நாயகன் ஏரியின் அடியிலிருந்து உயிரோடு மீண்டு வர, கிரெண்டெல் என்ற அரக்கனின் தலையைச் சுமந்துகொண்டு அரண்மனைக்குத் திரும்பும் வீரர்களின் உள்ளக்களிப்பைச் சொல்ல வருவது இதன் பழைய வடிவம்தான். இடைக்காலக் கவிஞர் சாசர் காலத்திலும் கதிரவனைக் கண்ட பறவையின் குதூகலத்துக்கு இந்தச் சொல் உவமைத்தொடராக வழங்கியது. இச்சகப் பேச்சு மூடரை மகிழ்விக்கும் என்ற கருத்துள்ள ஆங்கிலப் பழமொழி ஒன்றில் அந்த முதற்பொருள் அப்படியே தங்கிவிட்டது. இதே வேரில் முளைத்த இன்னொரு வினை 'ஃபான்'. எசமானைக் கண்டு வாலாட்டிக் குழையும் நாயின் மகிழ்ச்சியைக் குறித்து, பிறகு அதிகாரத்தின் முன் குழைந்து நிற்கும் மனிதர்களுக்கும் ஆயிற்று. ஐஸ்லாந்து மொழியில் இதன் உடன்பிறப்பான 'ஃபெகின்' இன்றும் பேச்சில் இருக்கிறது. அங்கே அதற்கு மகிழ்ச்சி என்பதோடு, கவலை நீங்கிய நிம்மதி என்ற பொருளும் உண்டு. 'அப்பாடா' என்று நாம் விடுகிற மூச்சு அது. தூய களிப்பிலிருந்து 'இதுவாவது கிடைத்ததே' என்ற ஆறுதலுக்கு இந்தச் சொற்குடும்பம் சரிவது ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

மகிழ்ச்சி எப்படி விருப்பமாயிற்று என்பதில் பெரிய புதிர் இல்லை. ஒன்றைச் செய்ய மகிழ்ச்சி என்பவர் அதைச் செய்ய விரும்புகிறார் என்றே பொருள். ஆனால் விருப்பமான பிறகு இந்தச் சொல் பெரும்பாலும் ஒரே துணையோடுதான் நடமாடியது. 'வுட் ஃபெயின்' என்பதுதான் அந்தச் சேர்க்கை. 'வுட்' என்பது நடக்காததை, நடந்திருக்கக்கூடியதைச் சொல்லும் துணைவினை. ஆகவே 'வுட் ஃபெயின்' என்று ஒருவர் தொடங்கினாலே பின்னால் ஒரு தடை வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

ஷேக்ஸ்பியரில் பாருங்கள். 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் முதற்காட்சியில் கப்பல் மூழ்கப் போகிறது. கிழவர் கொன்சாலோ மேலுள்ளவர்களின் சித்தம் நடக்கட்டும் என்று தலைவணங்கிவிட்டு, ஆனாலும் தண்ணீரில் அல்லாமல் உலர்ந்த தரையில் சாகவே தமக்கு ஆசை என்கிறார். அந்த ஆசைக்கு வரும் சொல் ஃபெயின். மாடத்தில் நின்று தன் காதலைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஜூலியட், ரோமியோ அதைக் கேட்டுவிட்டான் என்று அறிந்ததும், பெண்ணுக்குரிய முறைமைகளைக் காத்திருக்கலாமே, சொன்னதை மறுத்திருக்கலாமே என்று அடுத்தடுத்து இதே சொல்லை உதிர்க்கிறாள். சொன்னது சொன்னதுதான், இனி மறுக்க வழியில்லை. மக்பெத் தன் முடிவு நெருங்கும் வேளையில், சுற்றியிருப்பவர்கள் தரும் மரியாதை வெறும் வாய்மரியாதை என்று உணர்கிறான். அவர்களின் ஏழை நெஞ்சு அதையும் மறுக்கவே விரும்பும், துணிவில்லாமல் தருகிறது என்கிறான். விருப்பமும் துணிவின்மையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

வால்டர் ராலி பற்றித் தாமஸ் ஃபுல்லர் 1662இல் வெளிவந்த நூலில் ஒரு கதை சொல்கிறார். அரசி எலிசபெத்தின் பார்வை படும் இடத்தில் சன்னல் கண்ணாடியில் ராலி ஒரு வரியைக் கீறினாராம்: ஏறிவிட ஆசை, விழுந்துவிடுவேனோ என்று அச்சம். நெஞ்சுரம் இல்லாவிட்டால் ஏறவே வேண்டாம் என்று அரசி அதன் கீழே எழுதினாராம். கதை நடந்ததோ இல்லையோ, அந்த முதல் வரியை ஃபெயினைக்கொண்டுதான் தொடங்க முடிந்தது. வேறெந்தச் சொல்லிலும் அச்சத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

தமிழில் இதற்கு நேரான கருவி நம்மிடம் இருக்கிறது. அது தனிச்சொல் அன்று, ஓர் இடைச்சொல். "திருவிழாவுக்கு வர ஆசைதான்" என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், வரமாட்டார் என்று நமக்குத் தெரிந்துவிடும். 'ஆசை' விருப்பத்தைச் சொல்ல, 'தான்' தடையைச் சொல்லிவிடுகிறது. 'ஆனால்' என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தத் 'தான்' சுமக்கும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ஃபெயின் நூற்றாண்டுகளாகச் சுமந்தது. 'விருப்பத்துடன்' என்ற அகராதிப் பொருளில் விடுபட்டுப்போவது இதுவே.

சொல்லின் வாழ்க்கையில் இதற்கு அடுத்த திருப்பம்தான் எனக்கு மிகவும் உருக்கமானது. அதைப் பார்க்க இரண்டு இடங்களை அருகருகே வைக்க வேண்டும். இரண்டிலும் பன்றிகள் இருக்கின்றன.

முதலாவது, லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்துவிட்ட இளையவன், பஞ்ச காலத்தில் பன்றி மேய்க்கிறான். பன்றிகள் தின்பதைத் தின்றாவது வயிற்றை நிரப்ப அவனுக்கு ஆசை, கொடுப்பார் இல்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது ஆசைப்படுதல் என்ற நேரான வினை. 16ஆம் நூற்றாண்டில் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேல் அதற்கு 'வுட் ஃபெயின்' என்று போட்டார். 1560இன் ஜெனீவா பைபிள் அதையே பின்பற்றியது, 1611இன் பைபிளும் காத்தது. தமிழ் விவிலியம் 'ஆசையாயிருந்தான்' என்கிறது. இங்கே சொல் இன்னும் விருப்பத்தின் எல்லைக்குள் நிற்கிறது, நிறைவேறாத விருப்பம் என்றாலும்.

இரண்டாவது, 1608இல் முதலில் அச்சேறிய 'கிங் லியர்'. மூத்த பெண்கள் இருவரும் கைவிட, புயல் இரவில் வெட்டவெளியில் அலைந்த கிழவர் லியர் தூங்கிக்கொண்டிருக்கிறார். இளைய மகள் கொர்டீலியா அருகில் நின்று, பன்றிகளோடும் போக்கற்றவர்களோடும் குடிசையில் ஒடுங்கும்படி ஆயிற்றே உங்களுக்கு என்று கலங்குகிறாள். அங்கேயும் ஃபெயின்தான். ஊதாரி மகன் கதையின் எதிரொலி அதில் இருப்பதாக உரையாசிரியர்கள் சொல்வது சரியே. கதையில் வீட்டைவிட்டுப் போனவன் மகன், நாடகத்தில் வீடிழந்து நிற்பவர் தகப்பன். ஆனால் சொல்லின் பொருள் இதற்குள் நகர்ந்துவிட்டது. லியர் அந்தக் குடிசையை விரும்பவில்லை. அதற்கும் மகிழ்ச்சியோடு ஒப்பும் நிலைக்குத் தள்ளப்பட்டார். மகிழ்ச்சியும் கட்டாயமும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. எதைப் பிரித்தாலும் கொர்டீலியாவின் துயரம் பாதியாகிவிடும்.

அதன் பிறகு கட்டாயம் முந்திக்கொண்டது. 1660களில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ் 'ஃபெயின் டு' என்று எழுதும்போது பெரும்பாலும் 'வேறு வழியில்லாமல் செய்தேன்' என்றே பொருள். ஆக, வீரர்களின் களிப்பாகப் பிறந்த சொல், விருப்பமாகி, நிறைவேறாத விருப்பமாகி, கடைசியில் வேறு வழியின்மையாக வந்து நின்றது. இதைச் சொல்லின் வீழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளியவர்களின் இசைவு பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. கிடைத்த கூலிக்கு வேலை, கிடைத்த இடத்தில் வீடு, அதற்கும் ஒரு நன்றி. அந்த அனுபவத்துக்கு நேர்மையான பெயராக இந்தச் சொல் ஆயிற்று.

இப்போது இதன் கூட்டாளி 'லீஃப்'. இதன் பழம்பொருள் அன்புக்குரிய, இனிய என்பது. 'லவ்' இதன் நெருங்கிய உறவு. ஜெர்மன் மொழியின் 'லீப்' இதன் உடன்பிறப்பு. 'பிலீவ்' என்ற நம்பிக்கைச் சொல்லும், அனுமதி என்ற பொருளில் வரும் 'லீவ்' என்ற சொல்லும் இதே குடும்பம். வேரைத் தோண்டிக்கொண்டே போனால் சமஸ்கிருதத்தின் 'லுப்' என்ற ஆசைவினை வரை போகும். அதில் பிறந்த லோபம்தான் தமிழில் உலோபம் ஆனது. ஒரே வேர் மேற்கே காதலாகவும் இங்கே கஞ்சத்தனமாகவும் முடிந்திருக்கிறது.

லீஃப் குறிக்கும் இசைவு வேறு வகை. அதில் எப்போதும் ஒரு தராசு உண்டு. 'ஹாட் ஆஸ் லீஃப்' என்றால், அதைவிட இது எனக்கு ஒன்றும் குறைந்ததல்ல என்று பொருள். நடிகர்களுக்குப் பாடம் சொல்லும் ஹாம்லெட், வசனத்தை வாயில் போட்டு முழக்குவதாக இருந்தால் ஊர்ப்பறையறைபவனிடமே கொடுத்துவிடலாம் என்று எரிச்சலோடு சொல்வது இந்தத் தொடரில்தான். 'ஜூலியஸ் சீசரில்' காசியஸ், தன்னைப் போன்ற ஒரு மனிதனுக்கு அஞ்சி வாழ்வதைவிட இல்லாமற்போவதே மேல் என்று சொல்லும்போது லீஃப் என்பதையும் வாழ்தல் என்ற 'லிவ்' என்பதையும் ஒலியால் மோதவிடுகிறான். நம் பேச்சில் 'அதுக்கு இது தேவலை' என்கிறோமே, அந்தத் தேவலை இதற்கு மிக அருகில் வரும்.

இந்தச் சொல்லின் இலக்கணம் தமிழருக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். இடைக்கால ஆங்கிலத்தில் லீஃப் எழுவாயோடு மட்டும் வரவில்லை, நான்காம் வேற்றுமையோடும் வந்தது. சாசர் தம் கதைத்தொகுப்பில் வரும் யாத்திரிகர்களில் ஒருவரான ஆக்ஸ்ஃபோர்டு மாணவரை அறிமுகப்படுத்தும்போது, விலையுயர்ந்த ஆடையையும் இசைக்கருவியையும்விடப் படுக்கைத் தலைமாட்டில் கறுப்பும் சிவப்புமாக உறையிட்ட இருபது நூல்கள் இருப்பதே 'அவருக்கு' இனியது என்கிறார். 'அவர் விரும்பினார்' என்று சொல்லவில்லை. நாமும் 'எனக்குப் பிடிக்கும்', 'அவளுக்கு வேண்டும்', 'அவருக்குச் சம்மதம்' என்றுதான் சொல்கிறோம். விருப்பம் ஒருவர் செய்கிற செயலாக அங்கே இல்லை, ஒருவருக்கு நேர்கிற நிலையாக இருக்கிறது. 'லைக்' என்ற இன்றைய வினையும் அன்று பிடித்துப்போதல் என்ற பொருளில்தான் இருந்தது. பேரிக்காய்கள் அரசனுக்கு இனித்தன என்ற அமைப்பு, வேற்றுமை உருபுகள் தேய்ந்ததால் அரசன் பேரிக்காய்களை விரும்பினான் என்று படிப்படியாகப் புரட்டிப் படிக்கப்பட்டதை டென்மார்க்கு மொழியறிஞர் ஒட்டோ ஜெஸ்பர்சன் விளக்கிக் காட்டினார். அந்தப் புரட்டலில் விருப்பம் முழுவதும் 'நான்' என்பதன் கைக்குப் போய்விட்டது. ஃபெயினும் லீஃபும் தங்கள் நிலத்தை இழந்ததற்கு இந்த இலக்கண மாற்றமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். அவை விருப்பத்தைத் தனக்கு நேரும் நிலையாகக் கண்ட மொழியின் சொற்கள்.

'லிஸ்ட்' என்பதன் கதை சுருக்கமானது. 'எனக்கு உவப்பு' என்ற பொருளில் இதுவும் நான்காம் வேற்றுமையோடு வந்த வினை. காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்ற யோவான் நற்செய்தி வசனத்தில் ஜேம்ஸ் மன்னர் பைபிள் இதைப் பயன்படுத்துகிறது. வினை செத்துவிட்டது. அதன் எதிர்மறையான 'லிஸ்ட்லெஸ்', எதிலும் நாட்டமற்ற சோர்வு என்று இன்றும் வாழ்கிறது. லீஃபுக்கும் இதே கதிதான். அதன் பழைய எதிர்ச்சொல் 'லோத்', மனம் ஒப்பாத நிலை. ஜெர்மன் மொழியில் இன்பமும் துன்பமும் என்ற இணையாக இந்த இரண்டு வேர்களும் இன்னும் சேர்ந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் லீஃப் போய்விட்டது, லோத் இருக்கிறது. விரும்பியோ விரும்பாமலோ என்று தொடங்கிய 'வில்லி நில்லி'யும் தாறுமாறாக என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டு இருக்கிறது. மனம் ஒப்பாமையின் சொற்களை மொழி காத்துக்கொண்டதையும், ஒப்பியதன் நுண்சொற்களை உதிர்த்துவிட்டதையும் பார்க்கும்போது, மறுப்பவர் தம் காரணத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இசைபவரை யாரும் காரணம் கேட்பதில்லை என்று தோன்றுகிறது.

உதிர்ந்தவற்றின் இடத்தில் வந்தவை எவை? 'வில்லிங்' வந்தது. அதன் தாய்வினையான 'வில்' பழைய ஆங்கிலத்தில் விரும்புதலைக் குறித்து, பிறகு எதிர்காலம் காட்டும் துணைவினையாகத் தேய்ந்தது. 1549இல் தோன்றிய ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் மணமக்கள் கேள்விக்கு விடையாகச் சொல்லும் 'ஐ வில்' எதிர்காலம் அன்று, சம்மதம். 'வில்லிங்' என்பதில் மறுப்பில்லை என்ற அளவுதான் உறுதி. நம் அலுவலகங்களில் 'வில்லிங்னெஸ் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்கும்போது யாருடைய மகிழ்ச்சியையும் கேட்பதில்லை. 'டேவிட் காப்பர்ஃபீல்டில்' வண்டிக்கார பார்க்கிஸ் தன் பெயரையும் இந்தச் சொல்லையும் மட்டும் சேர்த்துச் சிறுவன் மூலம் பெகட்டிக்குத் திருமணத் தூது அனுப்புவது அத்தனை மனதில் நிற்பதற்குக் காரணம், இத்தனை வறண்ட சொல்லில் அந்த மனிதர் தம் முழு நெஞ்சையும் வைத்ததுதான்.

'கிளாட்லி' நிறைவேறும் இசைவுக்கு உரியது. சாசரின் அதே மாணவர் மகிழ்ந்து கற்பார், மகிழ்ந்து கற்பிப்பார். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் அங்கே தடையில்லை, ஆகவே ஃபெயின் வரவில்லை. லத்தீனிலிருந்து வந்த 'அலாக்ரிட்டி' மனத்தைவிட உடலின் வேகத்தைப் பார்க்கிறது. இசைக்குறிப்பில் விரைவைக் குறிக்கும் 'அலெக்ரோ' இதன் இத்தாலிய உறவு. போஸ்வர்த் போருக்கு முந்தைய இரவில் மூன்றாம் ரிச்சர்டு தன்னிடம் பழைய அலாக்ரிட்டி இல்லை என்று உணர்ந்து மது கேட்கிறான். தேம்ஸில் தூக்கி வீசப்பட்ட பருத்த ஃபால்ஸ்டாஃப் தனக்கு மூழ்குவதில் அது மிகுதி என்கிறான். ஒன்றைவிட மற்றொன்றை விரும்புவதைச் சொல்லும் 'ராதர்', 'சூனர்' இரண்டும் முதலில் காலச்சொற்கள். 'ரேத்' என்றால் முந்திய, பருவத்துக்கு முன் வந்த. அதன் ஒப்பீட்டு வடிவம்தான் ராதர். எது முதலில் மனதில் வருகிறதோ அதுவே விருப்பம் என்று ஆகிவிட்டது. அதைவிட இதுவே மேல் என்ற பொருளில் வரும் 'ஹாட் ராதர்' என்ற தொடரைச் சாமுவேல் ஜான்சன் 1755இன் அகராதியில் அண்மையில் புகுந்த காட்டுமிராண்டி வழக்கு என்று சாடினார். அவர் கணக்கு தவறு. 1611 பைபிளின் சங்கீதங்களிலேயே அது இருக்கிறது.

ஃபெயினைக் கொன்றவற்றில் அதன் ஒலியும் ஒன்று என்று நினைக்கிறேன். பாசாங்கு செய்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வழிச்சொல் 'ஃபெயின்' எழுத்தில் வேறு, காதில் இதுவே. மனமார விரும்புவதற்கும் விரும்புவதாக நடிப்பதற்கும் ஒரே ஒலி இருந்தால் எந்தச் சொல்லும் பேச்சில் நெடுநாள் நிற்காது. லண்டன் பக்கத்துச் சிறுவர்கள் விளையாட்டில் மூச்சு வாங்க விரல்களைப் பின்னிக்கொண்டு 'ஃபெயினைட்ஸ்' என்று கூவி ஒதுங்குவார்கள். அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியர் 1959இல் வெளியிட்ட பள்ளிப்பிள்ளைகள் வழக்காறு நூலில் இதைப் பதிந்திருக்கிறார்கள். கேட்டால் நம் சொல்லின் பேரன் போலவே இருக்கும். ஆனால் அது கடமையிலிருந்து நழுவுதல் என்ற பழைய பொருளில் வந்த மற்ற ஃபெயினின் வழி என்று மொழியறிஞரும் எழுத்தாளருமான டோல்கீன் அவர்களுக்கு விளக்கினார்.

19ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பித்து பிடித்த எழுத்தாளர்கள் இந்தச் சொற்களையெல்லாம் மறுபடி அள்ளிப் பூசினார்கள். வில்லியம் மாரிஸ் 1887இல் வெளியிட்ட 'ஒடிசி' மொழிபெயர்ப்பைக் குறித்து அடுத்த ஆண்டே ஒரு விமர்சகர் 'வார்டர் தெரு ஆங்கிலம்' என்று எழுதினார். பழம்பொருளும் போலிப் பழம்பொருளும் விற்ற லண்டன் தெரு அது. அந்தப் பெயரை ஃபௌலர் 1926இல் தம் வழக்குக் கையேட்டிலும் தலைப்பாக வைத்தார். கண்டனத்தில் நியாயம் உண்டு. நிலைமை தெரியாமல் பழமைச் சாயத்துக்காக மட்டும் சொல்லைச் செருகினால் அது வெறும் வேடம். ஆனால் அந்தக் கண்டனம் 'லார்ட் ராண்டல்' போன்ற பழைய கதைப்பாடலைத் தொடாது. நஞ்சு கலந்த உணவை உண்டு திரும்பிய இளைஞன் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் தாயிடம் படுக்கையை விரிக்கச் சொல்லி, படுத்துக்கொள்ளத் தவிப்பதாகச் சொல்வது இந்த ஃபெயினால்தான். அங்கே வேறு சொல் செல்லாது.

புதிய பைபிள்கள் லூக்காவின் அந்த இடத்தில் இரண்டு வழியில் பிரிந்தன. 1952இன் திருத்திய பதிப்பு 'கிளாட்லி' என்றது. 1970களில் வந்த புதிய பன்னாட்டுப் பதிப்பு 'ஏங்கினான்' என்றது. பின்னதே நல்லது, பசியைச் சொல்கிறது. தமிழில் பெயர்ப்பவர்களும் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது. கொன்சாலோவுக்கு 'ஆசைதான்' பொருந்தும். ராலிக்கு 'ஏற மனமுண்டு' போதும். பெப்பிஸுக்கு 'செய்ய வேண்டியதாயிற்று' என்று வெளிப்படையாகவே எழுதலாம். கொர்டீலியா பேசும் இடத்தில் மட்டும் 'விருப்பம்' என்ற சொல்லை நெருங்கவே விடக் கூடாது. 'அந்தக் குடிசையும் கிடைத்ததே என்று ஒடுங்கினீர்களா அப்பா' என்பதுபோல, கட்டாயத்தோடு அந்தச் சிறு நன்றியும் சேர்ந்து வர வேண்டும்.